ஜெபத்தில் புழு, வாசலில் புலி: தாழ்மையைப் பழகுவது எப்படி?

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் என்னை ஜெபிக்கச் சொன்னால், பல வருஷமாக ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பேன். "ஆண்டவரே, நான் ஒன்றுக்கும் உதவாத பாத்திரம், புழுவுக்கும் கீழானவள்..." குரல் கொஞ்சம் தழுதழுக்கும். நாலு பேர் ஆமென் சொல்வார்கள்.

ஒரு நாள் அப்படி ஜெபித்துவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சபைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து, "ஆன்ட்டி, நீங்க எழுதின போன மாசச் சங்கக் கணக்குல நூத்தி இருபது ரூபா இடிக்குது. கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் நான் முப்பத்தொரு வருஷம் பள்ளியில் கணக்கு டீச்சர். கணக்கு இடிக்கிறதா? என்னிடமா? அங்கேயே, ஒற்றைச் செருப்போடு நின்று அவளுக்கு ஒரு வகுப்பு எடுத்துவிட்டேன். பாவம், முகம் சுருங்கிப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தால், ஒரு பக்கத்துக் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும்போது 540ஐ 420 என்று எழுதியிருக்கிறேன்.

கால் மணி நேரத்துக்கு முன்னால் புழு. வாசலுக்கு வந்ததும் புலி.

அதுவரை தாழ்மை என்பது எனக்கு ஒரு ஜெப வார்த்தை. அது பழக வேண்டிய ஒன்று என்று தோன்றியதே இல்லை. வாய்ப்பாட்டை ஒப்பித்தால் மட்டும் கணக்கு வந்துவிடாது, போட்டுப் பார்த்தால்தான் வரும் என்று பிள்ளைகளிடம் ஆயிரம் முறை சொன்னவள் நான். அந்த வாசல் சம்பவத்துக்குப் பிறகு நான்கு வருஷமாக நானே போட்டுப் பார்த்த கணக்குகளை இங்கே எழுதுகிறேன். சிலது சரியாக வந்தது. சிலது இன்னும் வரவில்லை.

யாரை நீ, யாரை நீங்கள்

ஆரம்பிக்க ஒரு சின்ன நோட்டு போதும். ஒரே ஒரு நாள், காலையிலிருந்து இரவு வரை, யாரை 'நீ' என்கிறீர்கள், யாரை 'நீங்க' என்கிறீர்கள் என்று குறித்து வையுங்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கூடப் படித்தவர்களை விட்டுவிடலாம். மற்றவர்கள் மட்டும்.

என் பட்டியல் இப்படி இருந்தது. எங்கள் அடுக்குமாடி வாட்ச்மேன், வயது அறுபதைத் தாண்டியிருக்கும்: நீ. வங்கி கவுண்டரில் இருந்த பையன், என் மகனைவிடச் சின்னவன்: சார், நீங்க. வீட்டு வேலைக்கு வருகிறவர், மூன்று பேரப்பிள்ளைகள் எடுத்தவர்: நீ. போதகர், முப்பத்தைந்து வயது: ஐயா, நீங்க. தண்ணீர் கேன் போடுகிறவர்: "ஏம்ப்பா, நேத்தே வரச் சொன்னேன்ல?" கீரைக்காரம்மா: "கட்டு இவ்ளோ சின்னதா இருக்கே, நீயே சொல்லு." மூன்றாவது மாடி டாக்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வயதுக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் நாக்கு மட்டும் வயதைப் பார்க்காமல் சம்பளத்தைப் பார்த்திருக்கிறது.

அன்று இரவு யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரத்தை எடுத்தேன். பொன்மோதிரம் போட்ட ஒருவன் ஆலயத்துக்கு வருகிறான், கந்தை உடுத்திய ஒருவனும் வருகிறான். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் முதல் ஆளிடம், "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்" என்கிறார்கள். இரண்டாவது ஆளிடம், "நீ அங்கே நில்லு." கிரேக்க மூலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான், மரியாதைக்கென்று தனியாக ஒன்று அங்கே இல்லை. தமிழில் எழுதியவர்களுக்கு நம்மைப் பற்றித் தெரிந்திருக்கிறது. நீர், நீ என்று பிரித்து எழுதிவிட்டார்கள். அந்த வசனத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், ஒரு முறை அதைப் பற்றிப் பேசக்கூட செய்திருக்கிறேன். அகப்பட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

சென்னையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. 'வா', 'போ' என்பது இங்கே பாசமும்தான். ஆட்டோக்காரரே "எங்கம்மா போணும், ஏறு" என்பார், அதில் ஒரு குறையும் கிடையாது. அதனால் நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். நான் 'நீ' என்று கூப்பிடுகிறவர் என்னைத் திருப்பி 'நீ' என்றால் எனக்குக் கோபம் வருமா? வராது என்றால் அது சிநேகம். வரும் என்றால், நான் ஒரு படி மேலே நின்றுகொண்டு பேசுகிறேன்.

கீரைக்காரம்மா தேறிவிட்டார். பதினைந்து வருஷமாக அவரும் என்னை 'நீ' என்றுதான் சொல்கிறார். அவரிடம் எதையும் மாற்றவில்லை. வாட்ச்மேனிடமும் வேலைக்கு வருகிறவரிடமும் மாற்ற வேண்டியிருந்தது.

மாற்றும்போது அவசரப்படாதீர்கள். எல்லோரையும் ஒரே நாளில் மாற்றினால் நாடகம் போல இருக்கும். வேலைக்கு வருகிறவரிடம் நான் திடீரென்று ஒரு காலையில் "வாங்க, உக்காருங்க" என்றதும் அவர் பயந்துபோய், "என்னம்மா, வேலைய விட்டு நிறுத்தப் போறீங்களா?" என்று கேட்டார். பிறகு மெதுவாகப் போனேன். முதலில் பெயரோடு ஒரு 'அம்மா' சேர்ந்தது. அப்புறம் 'வாங்க'. முழுதாக மாற இரண்டு மாதம் பிடித்தது. டம்ளரும் அப்படித்தான். ஜன்னல் ஓரத்தில் அவருக்கென்று ஒரு தனி டம்ளர் இருந்தது. யாரும் சட்டம் போட்டு வைத்ததில்லை, எப்போதோ அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. அதை எடுத்து மற்ற டம்ளர்களோடு கலந்துவிட்டேன், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல். இப்போது எது அந்த டம்ளர் என்று எனக்கே தெரியாது. இந்த மாதிரி விஷயத்தை வெளியே சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதும் பயிற்சியில் சேர்த்தி. (இதோ, சொல்லிவிட்டேன். எவ்வளவு கஷ்டம் பாருங்கள்.)

சபையில் இதே வியாதி வேறு உருவத்தில் வரும். புதிதாக ஒருவர் வந்தால் முதலில் பெயர் கேட்கிறோம். அடுத்தது, "சொந்த ஊர் எது?" திருநெல்வேலிப் பக்கம் என்று சொல்லிவிட்டால், "அங்க எந்த ஊரு? யாரு வீடு?" எதற்காகக் கேட்கிறோம் என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று உள்ளே கேட்டுவிட்டு, வாசலில் சாதி விசாரிக்கிறோம். எனக்குத் தெரிந்து இதற்கு ஒரே வழி, இரண்டாவது கேள்வியை மாற்றிவிடுவது. "வீடு தூரமா? பஸ்லயா வந்தீங்க?" பஸ் நம்பரை வைத்து யாருடைய சாதியையும் கண்டுபிடிக்க முடியாது.

ஃபேனுக்குக் கீழே

விருந்துக்குப் போனால் பந்தியில் முதன்மையான இடத்தில் உட்காராதே என்று இயேசு லூக்கா 14இல் சொல்கிறார். சென்னைச் சபைகளில் மே மாதத்தில் முதன்மையான இடம் எது என்று உங்களுக்குத் தெரியும். ஃபேனுக்கு நேர் கீழே.

எங்கள் குடும்பத்துக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. யாராவது தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்று கைப்பையில் எதையோ தேடுவேன். அவர்களாகவே எழுந்து போய்விடுவார்கள்.

அதை விட்டுவிடுவது என்று முடிவெடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த உவமையின் அடுத்த பகுதியும் மனதில் இருந்தது. வீட்டுக்காரன் வந்து, "சிநேகிதனே, உயர்ந்த இடத்தில் வாரும்" என்று கூப்பிடுவானே, அது. சபை மூப்பர் யாராவது வருவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை. நான் முன்னால் இல்லை என்பதே யாருக்கும் தெரியவில்லை. நாலாவது வாரம் எட்டிப் பார்த்தால், என் பழைய இடத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி, கண்ணை மூடிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். என்னை யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்ப்பது அன்றைக்குத்தான் நின்றது. ஏறக்குறைய நின்றது.

கல்யாண வீட்டில் முதல் பந்தி, போட்டோ எடுக்கும்போது நடு இடம், கிளினிக்கில் "ஒரே நிமிஷம், ரிப்போர்ட் மட்டும் காட்டிட்டு வந்துடறேன்" எல்லாம் இதே கணக்குதான். நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சாரி வேறு, மன்னிப்பு வேறு

மத்தேயு 5:23-24ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும். நான் டீச்சர் என்பதால் கேள்வியை இரண்டு முறை வாசிக்கச் சொல்லுவேன். சகோதரன்மேல் உனக்குக் குறை இருந்தால் என்று அங்கே இல்லை. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் என்றுதான் இருக்கிறது. எழுந்து போக வேண்டியது காயப்படுத்தினவர்.

போய் என்ன சொல்வது? இங்கேதான் 'சாரி' நம்மைக் கெடுத்துவைத்திருக்கிறது. பஸ்ஸில் காலை மிதித்தாலும் சாரி, ஒரு மனுஷியை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினாலும் சாரி. அது தொண்டையில் எங்கேயும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். "நான் பேசினது தப்பு, மன்னிச்சிடும்மா" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். பாதியில் சிக்கும். அப்படிச் சிக்குகிற வாக்கியம்தான் வேண்டும்.

என் பேரன் ஐந்தாம் வகுப்பு. ஒரு சாயங்காலம் அவனுக்கு அவன் அம்மா பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் சோபாவில் இருந்தபடியே, "உங்கம்மாவுக்கு என்ன தெரியும், நோட்ட இங்க கொண்டா" என்றேன். அவள் சொல்லிக்கொடுத்த முறை சரிதான். சரி என்று எனக்கும் தெரியும். என் முறை இல்லை, அவ்வளவுதான்.

இரவு சமையலறையில் போய், "சாரிம்மா" என்றேன். "பரவால்ல அத்தை" என்றாள். பாத்திரம் தேய்க்கிற கை நிற்கவில்லை. ஒன்றும் சரியாகவில்லை என்று எனக்குப் புரிந்தது. ஏன் என்று படுக்கையில் யோசித்தேன். அவமானப்படுத்தியது பிள்ளையின் முன்னால், மன்னிப்பு கேட்டது பாத்திரம் தேய்க்கிற இடத்தில். மறுநாள் காலை, பேரன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன்: "நேத்து பாட்டி பேசினது தப்பு. உங்கம்மா போட்ட முறை சரி. மன்னிச்சிடும்மா." மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, சட்னியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பேரன்தான் வாயில் இட்லியோடு, "பாட்டி, நீங்க தப்பு பண்ணுவீங்களா?" என்று கேட்டான். அவன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். பத்து வருஷமாக என் வாயிலிருந்து அவன் அதைக் கேட்டதில்லை.

ஆகவே, யார் முன்னால் காயப்படுத்தினீர்களோ அவர்கள் முன்னாலேயே கேளுங்கள். 'ஆனா' என்ற சொல் வரக்கூடாது. "உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா" என்றும் ஆரம்பிக்காதீர்கள். கஷ்டமாக இருந்தது தெரிந்துதானே வந்திருக்கிறீர்கள். "நானும்தான் தப்பு பண்ணிட்டேன்" என்று அவர்கள் பதிலுக்குச் சொல்வதற்காக நின்றுகொண்டிருக்க வேண்டாம், சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வாட்ஸாப்பில் கைகூப்பும் படம் கணக்கில் வராது.

கணக்கில் தப்பு கண்டுபிடித்த அந்தப் பெண்ணிடம் மன்னிப்பு கேட்க எனக்கு மூன்று வாரம் ஆனது. செருப்பு விடும் இடத்திலேயே கேட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் கணக்கை முடித்ததும் அவளிடம் கொடுத்து, தப்பு இருக்கிறதா பார் என்கிறேன். இதுவரை மூன்று முறை கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டு முறை தாங்கிக்கொண்டேன்.

வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும்

இது எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பாடம். கொடுக்கிறவர் எப்போதும் மேலே நிற்கிறார். வாங்குகிறவர்தான் குனிய வேண்டும்.

2015ஆம் வருஷம் நான் ரிடையர் ஆனேன். அந்த டிசம்பரில் நாங்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு தரைத்தள வீட்டில் இருந்தோம். செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த தண்ணீரும் மழைத் தண்ணீருமாக ஆறு கரையை மீறிய அந்த ராத்திரி, கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் தண்ணீர். மின்சாரம் இல்லை, போன் வேலை செய்யவில்லை. ஆற்றோரத்துக் குடிசைகளில் இருந்த பையன்கள்தான் வந்தார்கள். அவர்களுடைய வீடுகளே போய்விட்டிருந்தன. மார்பளவு தண்ணீரில் என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் விட்டார்கள். அதற்கு முந்தின நாள் வரை அவர்கள் எனக்கு 'அந்தப் பக்கத்துப் பசங்க'. ஆறு மணிக்கு மேல் அவர்கள் வருகிறார்கள் என்று கேட்டைப் பூட்டச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

மண்டபத்துக்குப் பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. வரிசையில் நின்று வாங்க வேண்டும். என்னால் நிற்க முடியவில்லை, கால் வலியெல்லாம் இல்லை. "எனக்கு வேண்டாம், வேற யாருக்காவது குடுங்க" என்றேன். பக்கத்தில் ஈரப் புடவையோடு இருந்த ஒரு பாட்டி, "சும்மா வாங்கித் துன்னும்மா, பெரிய இவளாட்டம்" என்றார். வாங்கிச் சாப்பிட்டேன். அப்போது எனக்கு அந்தப் பாட்டிமேல் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது உறைக்க ஆறு வருஷம் ஆனது.

யோவான் 13இல், இயேசு சீஷர்களின் காலைக் கழுவ வரும்போது, பேதுருவும் இதைத்தான் செய்கிறார். நீர் என் காலைக் கழுவவே கூடாது என்கிறார். கேட்க எவ்வளவு பணிவாக இருக்கிறது! நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று இயேசு பதில் சொல்கிறார். என்னுடைய "எனக்கு வேண்டாம், வேற யாருக்காவது குடுங்க" என்பதும் அதே ரகம்.

பழகுவதற்குச் சின்னதாக ஒன்று சொல்கிறேன். பக்கத்து வீட்டில் எவர்சில்வர் டப்பாவில் ஏதாவது கொடுத்தனுப்பினால், டப்பாவை வெறுமனே திருப்பக் கூடாது என்பது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் என்னைப் போன்றவர்கள் அதில் ஒரு போட்டி வைத்துவிடுவோம். கேசரி வந்தால் மறுநாளே அதிரசம் போகும், கடன் தீர்ந்தது, நான் யாருக்கும் பட்டவள் இல்லை. ஒரு முறையாவது டப்பாவைக் கழுவித் துடைத்து, வெறுமனே கொண்டுபோய்க் கொடுத்து, "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். கை கூசும். எனக்கு முதல் தடவை படியில் பாதி இறங்கித் திரும்ப வந்து ஒரு வாழைப்பழத்தை உள்ளே போட்டுக்கொண்டு போனேன்.

அதே போல, கற்றுக்கொடுக்கிறவராகவே வாழ்ந்தவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது எதையாவது கற்றுக்கொள்ளக் கேளுங்கள். போனில் பணம் அனுப்ப எனக்குச் சொல்லித்தந்தவர் தண்ணீர் கேன் போடுகிறவர். நான் மூன்று முறை தப்பாக அழுத்தியும் அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. என் வகுப்பில் மூன்றாம் தடவை தப்பு செய்த பிள்ளைகள் என்ன பாடுபட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கால் கழுவுதல், சென்னையில்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று ஆலயத்தில் கால் கழுவும் சடங்கு நடக்கும்போது, யாருடைய கால் கழுவப்படும் என்று முன்னாலேயே பெயர் கொடுத்துவிடுவதால், அவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இயேசு கழுவியது புழுதியில் நடந்த கால்கள். 2013இல் போப் பிரான்சிஸ் பெரிய வியாழன் அன்று ரோமில் இளம் குற்றவாளிகளை வைத்திருக்கும் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவினார். அதில் பெண்களும் இருந்தார்கள், இஸ்லாமியரும் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் கால் கழுவுவது வீட்டு வேலைக்காரன் வேலை. இன்றைக்கு நம் வீட்டில், நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறொருவருக்கு ஒதுக்கிவைத்த வேலை எது? கழிவறை கழுவுவதும் குப்பையும். கழிவறையை நாங்கள் இப்போது முறை வைத்துக் கழுவுகிறோம், வீட்டுக்காரர் உட்பட. குப்பையில் இன்னும் சுலபமான காரியங்கள் இருக்கின்றன. ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் பிரித்து வைப்பது மாநகராட்சி சொல்வதால் மட்டும் அல்ல. பிரிக்காவிட்டால் நாறிப்போன சாம்பாரில் கைவிட்டுப் பிளாஸ்டிக் கவரை எடுக்கப் போவது ஒரு மனுஷி. உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதி, கையில் கொடுங்கள். நாப்கின், டயப்பர் தனியாகச் சுற்றி இருக்கட்டும். வண்டி வரும்போது மாடியிலிருந்து கூப்பிட்டுக் காக்க வைக்காமல், இறங்கிப் போய் நில்லுங்கள்.

ஃபேன் இறக்கையில் பெயர்

ஃபேன் நன்கொடை கொடுத்தவர்கள் இறக்கையில் பெயர் எழுதச் சொல்வார்கள். ஃபேன் சுற்றினால் பெயர் தெரியாது. கரண்ட் போனால்தான் தெரியும். எல்லோரும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கும்போது நம் பெயர் மேலே பளிச்சென்று நிற்கும். என் மாமனார் பெயர் அப்படி ஒன்றில் இருக்கிறது, எழுதச் சொன்னது நான்தான்.

1947 செப்டம்பர் 27 அன்று இதே சென்னையில், செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று இருந்தவர்கள் எல்லாம் தங்கள் பழைய பெயர்களை விட்டுவிட்டுத் தென்னிந்தியத் திருச்சபையாகச் சேர்ந்தார்கள். பெயரை விட்டுக்கொடுத்துப் பிறந்த சபையில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் ஃபேனில் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியது ரொம்ப எளிது. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் பெயர் எழுதுங்கள், ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள், பொருளாளருக்குக் கணக்கு வேண்டும். ஓரத்தில் 'சபையில் பெயரை வாசிக்க வேண்டாம்' என்று எழுதிவிடுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை இரண்டாயிரத்துக்கு எடுப்பது உங்கள் இஷ்டம். எடுத்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு சபையைச் சுற்றி வராதீர்கள். சாட்சி சொல்லும்போது, "எல்லாம் கர்த்தர் செய்தார், நான் ஒன்றுமில்லை" என்று ஆரம்பித்து மகனுடைய கம்பெனி, சம்பளம், விசா, வாங்கின வீட்டின் சதுர அடி வரை போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன். இப்போது சாட்சி சொன்னால், எனக்கு உதவி செய்த மனுஷர் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேரம் தானாகக் குறைந்துவிடுகிறது.

யாரிடம் சொல்லக் கூடாது

இது ஒன்றைச் சொல்லாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் விஷமாகிவிடும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு இளம்பெண் என்னிடம் வந்தாள். குடித்துவிட்டு வந்து புருஷன் அடிக்கிறான். கையில் தடம் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் தாழ்ந்து போம்மா. ஜெபம் பண்ணு." வசனம் வேறு சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். பிறகு என்னிடம் வரவே இல்லை, சபைக்கும் வரவில்லை.

பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து தம்மைத்தாமே வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தார் என்று இருக்கிறது. தாமே எடுத்தார். மேலே இருந்தவர் இறங்கினார். ஏற்கெனவே மிதிபட்டுக் கீழே கிடக்கிறவளைப் பார்த்து இன்னும் இறங்கு என்று சொல்ல அந்த வசனத்தில் எனக்கு அனுமதி இல்லை. சம்பளப் பாக்கியைக் கேட்கிற வேலைக்காரரிடமும், சாதி சொல்லி ஒதுக்கப்பட்டவர் நியாயம் கேட்கும்போதும் தாழ்மையைப் பற்றிப் பேசுகிறவர் தன் வசதியைப் பற்றித்தான் பேசுகிறார். அடி வாங்குகிற பெண் உங்களிடம் வந்தால் கூட உட்காருங்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவள் போனில் போட்டுக் கொடுங்கள். வசனம் அப்புறம்.

அந்தப் பெண்ணிடம் இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை. இரண்டு பேரிடம் விசாரித்தேன், ஆவடிப் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். இந்த மாதம் போக வேண்டும்.

மற்றபடி பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசித்த வாலிபன் 'ஏழை' என்பதை நாலு இடத்தில் 'ஏளை' என்றான். முன்பெல்லாம் ஆராதனை முடிந்ததும் அவனைத் தேடிப் பிடித்து ழகரம் சொல்லிக்கொடுத்திருப்பேன். இந்த முறை நாக்கைக் கடித்துக்கொண்டு, "நல்லா வாசிச்சப்பா" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "பாத்தீங்களா, நாலு தடவ தப்பா வாசிச்சான், நான் ஒண்ணுமே சொல்லல."

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எண்ணிட்டு வந்திருக்கியே" என்றார்.